அந்தரத்தில் நிற்கும் கேபிள் பாலங்கள்: கயிற்றை எப்படி இழுத்துக் கட்டுறாங்க? ஒரு கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

2025 ஜூன் 6-ம் தேதி ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் அஞ்சி காட் பாலம் திறக்கப்பட்டது. இந்திய ரயில்வேயின் முதல் கேபிள் பாலம் இது. ஆற்றுப் படுகையிலிருந்து 331 மீட்டர் உயரத்தில் முடியும் ஒற்றைத் தூணும், அதிலிருந்து இறங்கும் 96 கேபிள்களும்தான் அதன் மேல் ஓடும் ரயிலைத் தாங்குகின்றன. அடுத்த மாதமே கர்நாடகத்தில் ஷராவதி நீர்த்தேக்கத்தின் குறுக்கே சிகந்தூர் பாலம் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் குஜராத்தின் ஓகா - பேட் துவாரகா இடையே சுதர்சன் சேது.

அடுத்தடுத்து வந்த இந்தத் திறப்பு விழாக்களுக்கு நடுவே இன்னொரு செய்தியும் வந்துகொண்டே இருந்தது. பீகாரில் கங்கையின் குறுக்கே 1,710 கோடி ரூபாயில் கட்டப்பட்டு வந்த அகுவானி - சுல்தான்கஞ்ச் பாலம் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகளில் மூன்று முறை இடிந்தது. அதுவும் கேபிள்களின் துணையோடு நிற்கும் வகைப் பாலம்தான்.

ஒரே குடும்பத்துத் தொழில்நுட்பம். ஒன்று மலைப் பள்ளத்தாக்கில் ரயிலைச் சுமக்கிறது, இன்னொன்று திறக்கும் முன்பே ஆற்றில் விழுகிறது. இந்தப் பாலங்களை எப்படிக் கட்டுகிறார்கள்? கேபிளை எவ்வளவு இழுக்கிறார்கள்? எங்கே தவறு நடக்க வாய்ப்பு இருக்கிறது? எளிமையாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

- கேபிள் பாலம் கட்டி முடித்த பிறகு இருப்பதைவிட, கட்டும்போதுதான் அதிக ஆபத்தில் இருக்கிறது.
- கேபிளை முழு பலத்துக்கு இழுப்பதில்லை. அறுபடும் பலத்தில் பாதிக்கும் குறைவாகவே வேலை வாங்குகிறார்கள்.
- ஒரு கேபிளை இழுத்தால் மற்ற கேபிள்களின் இழுவையும் மாறும். அதனால் வரிசைதான் எல்லாமே.
- கேபிள்கள் மாற்றக்கூடிய பாகங்கள். பாலத்தின் ஆயுளுக்குள் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம்.

தொங்கு பாலமும் கேபிள் பாலமும் ஒன்றா?

இல்லை. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாக பெங்களூரு போகும் ரயிலில் ஏறியவர்கள் கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பாலத்தைப் பார்த்திருப்பார்கள். 2003-ல் திறக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் அதைத் 'தொங்கு பாலம்' என்றே சொல்கிறார்கள். ஆனால் அது தொங்கு பாலம் அல்ல, கேபிள் பாலம்.

தொங்கு பாலத்தில் இரண்டு கரைகளிலும் நங்கூரமிட்ட பெரிய கேபிள், தூண்களின் உச்சி வழியாகத் துணி காயப்போடும் கொடி போல வளைந்து தொங்கும். அந்தக் கொடியிலிருந்து சின்னச் சின்னக் கம்பிகள் நேராகக் கீழே இறங்கி, பாலத்தின் தளத்தைப் பிடித்திருக்கும். பெரிய கேபிள் போனால் எல்லாமே போச்சு.

கேபிள் பாலத்தில் அந்தக் கொடியே கிடையாது. உயரமான தூணிலிருந்து ஒவ்வொரு கேபிளும் சாய்வாக, நேர்கோட்டில் வந்து தளத்தை நேரடியாகப் பிடிக்கும். விசிறியை விரித்து வைத்த மாதிரி தெரிவது அதனால்தான்.

இவை தவிர மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தூண் குட்டையாக இருக்கும், கேபிள் ரொம்பப் படுத்த மாதிரி போகும். பாரத்தில் ஒரு பங்கை மட்டும் கேபிள் வாங்கிக்கொள்ளும், மீதியை கான்கிரீட் தளமே தாங்கும். இதற்கு 'எக்ஸ்ட்ராடோஸ்டு' என்று பெயர். பரூச்சில் நர்மதை மேல் 2017-ல் திறந்த பாலம், ஹைதராபாத் துர்கம் செருவு பாலம், கொழும்பில் 2021-ல் திறந்த புதிய களனிப் பாலம் எல்லாம் இந்த ரகம். சுல்தான்கஞ்ச் பாலமும் இதே ரகம்தான்.

எடை எங்கே போகிறது?

கேபிள் சாய்வாக இருப்பதால் அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. தளத்தை மேலே தூக்குகிறது. அதோடு, தளத்தைத் தூணை நோக்கி உள்பக்கமாகவும் இழுக்கிறது. தூணின் இரண்டு பக்கமும் கேபிள் இருப்பதால், இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் இந்த இழுப்பு தளத்தை நெருக்கிப் பிடிக்கிறது. கான்கிரீட்டுக்கு நெருக்கம் பிடிக்கும், இழுப்பு பிடிக்காது. அதனால் இது நல்ல விஷயம்தான்.

மேலே தூக்கும் விசை முழுவதும் தூண் வழியாக அடித்தளத்துக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் தூண் நேராக நிற்கும். ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் வளையும். கல்யாணப் பந்தலில் நடுக்காலுக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டுவதும் இதே கணக்குதான்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஏன் கேபிள் பாலம் தேவைப்படாது?

கேபிள் பாலம் பார்க்க அழகு. அதனால் எங்கே மேம்பாலம் அறிவித்தாலும் 'கேபிள் பாலமா வருது?' என்ற கேள்வி சமூக வலைதளங்களில் வந்துவிடுகிறது. ஆனால் தேவையைத் தீர்மானிப்பது இடைவெளிதான். நடுவில் தூண் வைக்காமல் எவ்வளவு தூரம் தாண்ட வேண்டும் என்பதே கேள்வி.

சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கிற அயோத்தியாப்பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தண்டவாளத்தைத் தாண்ட சில பத்து மீட்டர் இடைவெளி போதும். இரும்பு அல்லது கான்கிரீட் உத்தரங்களைத் தூக்கி வைத்தாலே வேலை முடிந்துவிடும். சேலம் ஐந்து ரோட்டில் 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் பல கிலோமீட்டர் நீளம். ஆனாலும் அது கேபிள் பாலம் அல்ல. வரிசையாகத் தூண் வைக்க இடம் இருந்தது, வைத்தார்கள்.

தூண் வைக்கவே முடியாத இடத்தில்தான் கதை மாறும். ஆழமான பள்ளத்தாக்கு, கப்பல் போகும் ஆறு, பல தண்டவாளங்கள் ஓடும் பெரிய ரயில் நிலையம்... இப்படிப்பட்ட இடங்களில் சுமார் 200 மீட்டரைத் தாண்டிய இடைவெளிக்குக் கேபிள் பாலம் கட்டுபடியாகத் தொடங்குகிறது. கொல்கத்தாவின் வித்யாசாகர் சேதுவில் நடு இடைவெளி 457 மீட்டர். சுதர்சன் சேதுவில் 500 மீட்டர். மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான பினாங்கு பாலத்தில் கப்பல் வழிக்காக விட்ட கேபிள் பகுதி 225 மீட்டர், 1985-ல் திறந்தது. ரஷ்யாவில் 2012-ல் திறந்த ருஸ்கி பாலத்தில் 1,104 மீட்டர்.

அந்தரத்தில் எப்படிக் கட்டுறாங்க?

இதுதான் பலருக்கும் வரும் சந்தேகம். கீழே முட்டுக் கொடுக்க இடம் இல்லாததால்தானே கேபிள் பாலமே கட்டுகிறோம்? அப்படியானால் கட்டும்போது தளத்தை எது தாங்கும்?

நான்கு வழிகள் இருக்கின்றன.

1. முட்டுக் கொடுத்துக் கட்டுவது: ஆழம் குறைவான இடம் என்றால் தற்காலிகத் தூண்கள் நட்டு, அதன்மேல் தளம் அமைத்து, கேபிளை இழுத்துக் கட்டியதும் முட்டுகளை எடுத்துவிடுவார்கள். எளிய முறை. ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தால் முட்டு போய்விடும்.

2. காவடி முறை: உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது இதுதான். முதலில் தூணைக் கட்டுகிறார்கள். பிறகு தூணிலிருந்து இடது பக்கம் ஒரு துண்டு, வலது பக்கம் ஒரு துண்டு. இரண்டுக்கும் கேபிள். அடுத்து மறுபடி இடது, வலது. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சேர்ந்த துண்டை அதற்கான கேபிள் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துண்டின் நுனியில் நிற்கும் கிரேன் அடுத்த துண்டைத் தூக்குகிறது. காவடித் தண்டில் இரண்டு பக்கமும் சம எடை இருந்தால்தானே தோளில் நிற்கும்? அதே மாதிரி, இரண்டு பக்கத்துக்கும் அதிகபட்சம் ஒரு துண்டு வித்தியாசம்தான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு வைப்பார்கள். மும்பை பாந்த்ரா - வொர்லி பாலத்தில் இரண்டு 250 மீட்டர் இடைவெளிகளை இப்படித்தான் கடந்தார்கள். முன்பே வார்த்த கான்கிரீட் துண்டுகளைப் படகில் கொண்டுவந்து, மேலிருந்து தூக்கிப் பொருத்தினார்கள்.

3. தள்ளிக்கொண்டு போவது: கரையிலேயே தளத்தைச் சேர்த்து, ஜாக் வைத்துத் தூண்கள் மேல் மெதுவாகத் தள்ளுவார்கள். பிரான்சின் மியோ பாலம் (2004) இந்த முறையில் கட்டப்பட்டது.

4. சுழற்றி வைப்பது: ஓடும் ரயில் பாதைக்கு மேலே நாள்கணக்கில் வேலை செய்ய முடியாது. அதனால் பாதைக்கு இணையாக, பக்கத்திலேயே பாலத்தைக் கட்டி முடித்து, ஒரே இரவில் தூணோடு சேர்த்துத் திருப்பி வைத்துவிடுவார்கள். சீனாவில் இது சகஜம்.

காவடி முறையில் கட்டும் பாலத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டு கைகளும் நீண்டுகொண்டே போகின்றன. நுனி எதையும் தொடவில்லை. நுனியில் கிரேன், இரும்பு, ஆட்கள். பலமாகக் காற்று அடித்தால் ஆடும். கட்டி முடித்த பாலம் இரண்டு முனைகளிலும் பிடிப்போடு நிற்கும். கட்டும் பாலத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. நடுவில் கடைசித் துண்டைப் பொருத்தி மூடும் வரை பொறியாளர்களுக்குத் தூக்கம் இருக்காது என்று சொல்வது இதனால்தான்.

ஒரு கேபிளுக்குள் என்ன இருக்கு?

வெளியே பார்த்தால் தடிமனான ஒரே குழாய் மாதிரி தெரியும். உள்ளே பல 'ஸ்ட்ராண்ட்'கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரு ஸ்ட்ராண்ட் என்பது 7 எஃகுக் கம்பிகளை முறுக்கியது. விட்டம் சுமார் 15.7 மில்லிமீட்டர், அதாவது கைவிரல் தடிமன்.

அந்த விரல் தடிமன் கம்பி அறுபட சுமார் 28 டன் இழுவை வேண்டும். முழுச் சுமை ஏற்றிய 10 சக்கர லாரி ஒன்றின் எடை அது. ஆனால் பாலத்தில் அதை 28 டன் வரை இழுப்பதில்லை. பொதுவாக அறுபடும் பலத்தில் 45 சதவீதம் அளவுக்குள், அதாவது ஸ்ட்ராண்டுக்கு 12 - 13 டன்னுக்குள் வைத்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு தயக்கம்? ஒரே தடவை இழுத்து அறுப்பது வேறு. நாள் முழுக்க வண்டி போகப் போக, கூடிக் குறைந்து கூடிக் குறைந்து லட்சக்கணக்கான தடவை வேலை வாங்குவது வேறு. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடைகிறதே, அதே களைப்பு எஃகுக்கும் வரும். ரயில் பாலத்தில் இது இன்னும் அதிகம். கார், பஸ் போகும்போது கேபிளில் வரும் ஏற்ற இறக்கத்தைவிட, கனமான ரயில் போகும்போது வருவது பல மடங்கு. சாலைக்குக் கேபிள் பாலம் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகே இந்தியாவில் ரயிலுக்கு அது வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

துருதான் இன்னொரு எதிரி. அதனால் பாதுகாப்பு அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் துத்தநாகப் பூச்சு, கம்பிகளுக்கு இடையே மெழுகு, ஒவ்வொரு ஸ்ட்ராண்டுக்கும் பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே ஒரு பெரிய குழாய். அந்தக் குழாயின் மேல் திருகு மாதிரி சுற்றி ஓடும் மெல்லிய வரப்பு அலங்காரத்துக்கு இல்லை. மழையோடு காற்று அடிக்கும்போது குழாய் மேல் வழியும் தண்ணீர்க் கோடு கேபிளையே ஆட வைத்துவிடும். அந்தக் கோட்டைக் கலைக்கத்தான் அந்த வரப்பு.

இழுத்துக் கட்டுவது எப்படி? கயிற்றுக் கட்டில் சொல்லும் பாடம்

தளர்ந்துபோன கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் கயிறை நன்றாக முறுக்கேற்றிக் கட்டிவிட்டு, ஐந்தாவது கயிறுக்கு வரும்போது முதல் கயிறு லேசாகத் தளர்ந்திருக்கும். காரணம், ஐந்தாவது கயிறு இழுத்த இழுப்பில் சட்டம் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது.

கேபிள் பாலத்திலும் அச்சு அசல் இதேதான் நடக்கிறது.

கேபிளின் வெளிக்குழாயைச் சாய்வாகத் தூக்கி நிறுத்தி, அதற்குள் முதல் ஸ்ட்ராண்டை நுழைக்கிறார்கள். அதன் முனையில் எடை காட்டும் கருவி பொருத்தி, கையால் தூக்கிச் செல்லக்கூடிய சின்ன ஹைட்ராலிக் ஜாக் வைத்து இழுக்கிறார்கள். முனையைக் கூம்பு வடிவ எஃகு ஆப்பு கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு அது.

இப்போது இரண்டாவது ஸ்ட்ராண்ட். அதை இழுத்ததும் தளம் மயிரிழை மேலே எழும்பும். முதல் ஸ்ட்ராண்ட் கொஞ்சம் தளரும். எடை காட்டும் கருவியில் எண் குறையும். அந்தக் குறைந்த எண்ணுக்குச் சமமாக இரண்டாவதை நிறுத்துவார்கள். மூன்றாவதை இழுக்கும்போது முதலாவதின் எண் இன்னும் குறையும். மூன்றாவதை அந்தப் புதிய எண்ணுக்கு நிறுத்துவார்கள். இப்படியே கடைசி வரை போனால் எல்லா ஸ்ட்ராண்டிலும் ஒரே இழுவை இருக்கும்.

அம்மாப்பேட்டை, அயோத்தியாப்பட்டணம் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாவில் ஒரு இழை மட்டும் இறுகி இருந்தால் அதுதான் முதலில் அறும். கேபிளிலும் ஒரு ஸ்ட்ராண்ட் மட்டும் அதிக பாரம் வாங்கினால் களைப்பு அதற்குத்தான் முதலில் வரும்.

இது ஒரு கேபிளுக்குள் நடக்கும் கணக்கு. பிறகு கேபிள்களுக்கு இடையேயும் இதே கணக்கு இருக்கிறது. பத்தாவது கேபிளை இழுத்தால் ஒன்பதாவது, எட்டாவது கேபிளின் இழுவை மாறும், தூணின் உச்சி சில மில்லிமீட்டர் நகரும், தளத்தின் மட்டம் மாறும். அதனால் பெரும்பாலும் கேபிள்களை ஒரே தடவையில் இறுதி இழுவைக்குக் கொண்டுபோவதில்லை. துண்டைப் பொருத்தும்போது ஒரு இழுப்பு, பின்னால் ஒரு இழுப்பு, நடுவில் மூடி சாலை போட்ட பிறகு கடைசிச் சரிபார்ப்பு என்று கட்டம் கட்டமாகப் போகிறார்கள்.

எந்தக் கட்டத்தில் எவ்வளவு? இதற்குப் பொறியாளர்கள் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். கட்டி முடித்த பாலத்தை முதலில் கணினியில் நிறுத்துவார்கள். தளம் சரியான மட்டத்தில், தூண் நேராக, கேபிளில் சரியான இழுவை. பிறகு கடைசித் துண்டைக் கழற்றினால் மற்றவை எப்படி மாறும் என்று பார்ப்பார்கள். அடுத்த துண்டு, அடுத்த கேபிள் என்று கழற்றிக்கொண்டே ஆரம்பத்துக்கு வருவார்கள். அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் கட்டும் வரிசை. களத்தில் யாராவது 'இன்னைக்கு ஒரு துண்டு முன்னாடியே வெச்சுடலாம்' என்று வரிசையை மாற்றினால் கணக்கு முழுக்க மாறிவிடும்.

சரியா இழுத்தாச்சுன்னு எப்படித் தெரியும்?

ஒரே அளவையை நம்புவதில்லை. குறைந்தது மூன்று வழிகளில் சரிபார்க்கிறார்கள்.

- ஜாக்கின் அழுத்தமும் நீட்சியும்: இழுத்தால் எஃகு நீளும். 100 மீட்டர் கேபிளை வேலை செய்யும் அளவுக்கு இழுத்தால் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளும். அழுத்தமானி காட்டுவதும் அளந்த நீட்சியும் பொருந்தவில்லை என்றால் எங்கேயோ சிக்கல். ஆப்பு வழுக்கியிருக்கலாம், ஸ்ட்ராண்ட் உரசியிருக்கலாம்.
- தட்டிப் பார்ப்பது: தம்புரா தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும் இல்லையா? கேபிளுக்கும் அதே விதி. இழுவை நான்கு மடங்கானால் அதிர்வு இரண்டு மடங்காகும். ஆனால் 200 மீட்டர் கேபிள் ஒரு நொடிக்கு ஒரு தடவைகூட முழுசாக ஆடாது. காதில் கேட்காது. அதனால் கேபிள் மேல் அதிர்வுமானி ஒட்டி, காற்றிலும் போக்குவரத்திலும் அது ஆடும் வேகத்தை அளந்து, அதிலிருந்து இழுவையைக் கணக்கிடுகிறார்கள். பாலத்தை மூட வேண்டியதில்லை.
- மட்டம் பார்ப்பது: தளம் எந்த உயரத்தில் இருக்கிறது, தூணின் உச்சி எங்கே இருக்கிறது என்று சர்வே கருவி வைத்து அளக்கிறார்கள்.

இந்த அளவைகளை எடுக்கும் நேரமும் முக்கியம். மதிய வெயிலில் கேபிள் சூடாகி நீளும், தூணின் ஒரு பக்கம் மட்டும் சூடேறி மறுபக்கம் சாயும். அந்த நேரத்து அளவை நம்பினால் தப்பான இழுவை வைத்துவிடுவோம். அதனால் எல்லா பாகமும் ஒரே வெப்பத்தில் இருக்கும் பின்னிரவிலோ, சூரியன் வருவதற்கு முன்போதான் முக்கிய அளவைகள் எடுக்கப்படுகின்றன. நடுவில் கடைசித் துண்டை மூடுவதும் பெரும்பாலும் இப்படி வெப்பம் மாறாத நேரம் பார்த்துதான்.

அஞ்சி காட்டில் என்ன செய்தார்கள்?

கட்ராவையும் ரியாசியையும் இணைக்கும் இந்த இடத்தில் முதலில் வளைவுப் பாலம் கட்டத்தான் திட்டம். செனாப் பாலம் அப்படித்தான் கட்டப்பட்டது. ஆனால் அஞ்சியில் மலைச் சரிவின் பாறை உறுதியாக இல்லை. வளைவுப் பாலம் தன் பாரத்தை இரண்டு சரிவுகளிலும் ஊன்ற வேண்டும். கேபிள் பாலம் என்றால் ஒரே தூணில் ஊன்றலாம். அதனால் திட்டம் மாறியது.

கொங்கன் ரயில்வே கட்டிய இந்தப் பாலத்தின் எண்கள்:

- மொத்த நீளம் 725.5 மீட்டர். அதில் கேபிள் பகுதி 473.25 மீட்டர்.
- முக்கிய இடைவெளி 290 மீட்டர்.
- தூணின் உயரம் அடித்தளத்திலிருந்து 193 மீட்டர்.
- 96 கேபிள்கள். நீளம் 82 மீட்டரிலிருந்து 295 மீட்டர் வரை.
- கேபிள்களின் மொத்த எடை 849 டன். உள்ளே ஓடும் ஸ்ட்ராண்டுகளின் மொத்த நீளம் 653 கிலோமீட்டர்.
- மணிக்கு 213 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் வடிவமைப்பு.

653 கிலோமீட்டர் என்றால் சேலத்திலிருந்து சென்னைக்குப் போய்விட்டு ஏறக்குறைய திரும்பி வந்துவிடலாம். அவ்வளவு நீளத்தையும் ஒவ்வொரு ஸ்ட்ராண்டாக நுழைத்து, இழுத்து, ஆப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பாலத்தின் பல இடங்களில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின் அளவுகள் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன.

எங்கே தவறுகிறது?

கேபிள் பாலம் கட்டும்போது நடந்த மிக மோசமான இந்திய விபத்து ராஜஸ்தானின் கோட்டாவில் நடந்தது. 2009 டிசம்பர் 24 அன்று சம்பல் ஆற்றின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த கேபிள் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து 48 பேர் உயிரிழந்தனர். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதே இடத்தில் 350 மீட்டர் இடைவெளியோடு பாலம் முடிந்து திறக்கப்பட்டது 2017 ஆகஸ்டில்.

சுல்தான்கஞ்ச் பாலம் 2022 ஏப்ரலில் முதல் தடவை இடிந்தபோது, ஐஐடி ரூர்க்கியிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டதாகவும், கட்டமைப்பில் குறைகள் இருப்பதாகத் தெரிந்ததாகவும் அப்போதைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் பின்னர் தெரிவித்தார். 2023 ஜூன் 4-ம் தேதி தளமும் தூண்களும் சரிந்து கங்கையில் விழுந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. 2024 ஆகஸ்டில் மூன்றாவது தடவை.

திறந்த பிறகு வரும் ஆபத்து வேறு மாதிரி. அது மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் வரும். இத்தாலியின் ஜெனோவாவில் 1967-ல் கட்டிய மொராண்டி பாலத்தில் எஃகுக் கேபிள்களைக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தார்கள். துருவிலிருந்து காப்பாற்றும் என்று நினைத்த அந்தக் கான்கிரீட், உள்ளே வந்த துருவை மறைத்துவிட்டது. 2018 ஆகஸ்ட் 14 அன்று பாலம் விழுந்து 43 பேர் இறந்தனர். ஒரு பக்கத்துக்கு மிகக் குறைவான கேபிள்களே இருந்ததால், ஒன்று போனதும் பாரத்தை வாங்க வேறு ஆள் இல்லை.

குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30-ம் தேதி 135 பேரின் உயிரைப் பறித்தது தொங்கு பாலம். கேபிள் பாலம் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முதற்கட்ட அறிக்கைப்படி, முக்கியக் கேபிள் ஒன்றில் இருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன. பழுது பார்த்து மறுபடி திறந்த சில நாள்களிலேயே பாலம் அறுந்தது. தளத்தைப் புதுப்பித்தார்கள், கேபிளைக் கவனிக்கவில்லை.

ஒரு கேபிள் அறுந்தால் பாலமே விழுந்துவிடுமா?

இன்றைய விதிகளின்படி விழக்கூடாது. ஏதாவது ஒரு கேபிள் திடீரென்று அறுந்தாலும் பக்கத்துக் கேபிள்கள் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு பாலம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டே வடிவமைக்கிறார்கள். லாரி மோதுவது, தீப்பிடிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பழைய பாலங்களில் ஆளுக்கு ஒன்றிரண்டு தடித்த கேபிள் வைத்த வழக்கம் போய், இப்போது நெருக்கமாக நிறைய கேபிள் வைப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விதியும் உண்டு. போக்குவரத்தை முழுசாக நிறுத்தாமல் ஒரு கேபிளைக் கழற்றி வேறு மாட்ட முடிய வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1992-ல் திறந்த கொல்கத்தா வித்யாசாகர் சேதுவில் 2023 நவம்பரில் கேபிள் மாற்றும் பணிக்காகப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. 'பாலம் பழுதாகிவிட்டதா?' என்று அப்போது பலர் பயந்தார்கள். 31 வருடம் ஆன பாலத்தில் கேபிள் மாற்றுவது பயப்பட வேண்டிய செய்தி இல்லை. மாற்றாமல் விடுவதுதான் பயப்பட வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கு?

2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலம் கேபிள் பாலம் அல்ல. அதன் 72.5 மீட்டர் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே எழும்பும். அங்கேயும் இரும்புக் கயிறுகள் உண்டு. ஆனால் அவை பாலத்தைத் தூக்கி இறக்கத்தானே தவிர, ரயிலைச் சுமக்க அல்ல. இரண்டுக்கும் பொதுவான பிரச்சினை உப்புக் காற்று. கடல் மேல் இருக்கும் எந்த எஃகுக்கும் கட்டி முடித்த அன்றிலிருந்தே துருவோடு போராட்டம் தொடங்கிவிடுகிறது.

நாளைக்கு தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் கேபிள் பாலம் அறிவிக்கப்பட்டால், செலவு எத்தனை கோடி, எப்போது திறப்பு என்ற இரண்டு கேள்விகளோடு பொதுமக்களும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம்:

- இந்த இடைவெளிக்குக் கேபிள் பாலம் தேவையா, அல்லது அழகுக்கா?
- வடிவமைத்த நிறுவனத்தின் கணக்கை வேறொரு நிறுவனம் தனியாகச் சரிபார்த்ததா? அஞ்சி காட்டில் இத்தாலிய நிறுவனம் வடிவமைத்ததை வேறொரு வெளிநாட்டு நிறுவனம் சரிபார்த்தது.
- கட்டும் வரிசையை மாற்றும் முடிவைக் களத்தில் எடுப்பது யார்? அதற்கு எழுத்துப்பூர்வமான ஒப்புதல் உண்டா?
- திறப்பு நாளில் ஒவ்வொரு கேபிளிலும் இருந்த இழுவை பதிவு செய்யப்பட்டதா? ஐந்து வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு கைவசம் இருக்குமா?
- கேபிளைச் சோதிக்கவும் மாற்றவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

இவற்றில் நான்காவது கேள்விதான் அதிகம் மறக்கப்படுவது. இழுவை 10 சதவீதம் குறைந்தால் கேபிளின் அதிர்வு சுமார் 5 சதவீதம் மட்டுமே குறையும். ஆரம்ப அளவு கையில் இருந்தால் அந்தச் சின்ன மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இல்லாவிட்டால், இன்றைக்கு அளந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.